மாதச் சந்தாவும் ஒரு 'க்' எழுத்தும்

மாதாமாதம் காசு கட்டி இணையத்தில் விளையாடுகிற விளையாட்டு காசுக்குப் பெறுமதிதானா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்து உடற்பயிற்சி நிலையம் ஒன்றைப் பற்றிச் சொல்வது வழக்கம். அங்கே இரண்டு வருடம் சந்தா கட்டினேன். நாலு தரம் போனேன். நாலாம் தரம் போனது, மூன்றாம் தரம் மறந்துவிட்டு வந்த குடையை எடுக்க.

டெனிஷ் பத்திரிகைக்கும் சந்தா கட்டினேன், மொழி வளர்க்க. மொழி வளரவில்லை. மீன் வெட்டும்போது கீழே விரிக்க நல்ல தடித்த கடுதாசி கிடைத்தது. தமிழ்த் தொலைக்காட்சிக்கு ஒரு சந்தா. இவை எல்லாம் மனிசிக்குத் தெரிந்த சந்தாக்கள். தெரியாதது ஒன்று இருந்தது. கட்டின காசுக்கு நாள்தவறாமல் பயன்படுத்தியதும் அது ஒன்றைத்தான்.

அதற்குள் என்னை இழுத்துவிட்டது என்னோடு கிட்டங்கியில் வேலை செய்கிற டெனிஷ்காரன். பாரந்தூக்கி ஓட்டுகிறவன். தாடி நெஞ்சு வரைக்கும், கழுத்தில் பறவைநாகம் பச்சை குத்தியிருக்கும். ஆனால் கோப்பி நேரத்தில் அவன் கதைப்பதைக் கேட்டால் படைத்தளபதி என்று நினைப்பீர்கள். "நேற்று இருபத்தைந்து பேர் போனோம், இரண்டு பேர்தான் உயிரோடு திரும்பினோம்" என்பான், பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டே. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சங்கத்து விழா என்றால் "நாலு புத்தகம் படித்தவர், வந்து இரண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று மேடைக்குக் கூப்பிடுகிற ஆள். அந்த ஆள் இரண்டாவது கிழமையே கையில் மரவாளோடு காட்டுப்பன்றிகளைத் துரத்திக்கொண்டு நின்றார்.

விளையாட்டில் நமக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். டெனிஷில் விளையாட்டை "ஸ்பெல்" என்பார்கள், எழுதும்போது s, p, i, l. இந்த மொழியில் எழுதுகிற எழுத்தில் பாதி வாயில் வராது என்பதை இருபது வருடத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லையே என் பெயராக வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் சத்தம் வராத ஒரு d சேர்த்து எழுதினேன். அடுத்த நாள் கோப்பி நேரத்தில் தளபதி மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். d சேர்த்தால் அது விளையாட்டு இல்லையாம். "ஸ்பில்." வீண், விரயம், சிந்திப்போனது. அதிலிருந்து இருபத்தைந்து பேருக்கும் நான் திருவாளர் விரயம். "விரயம் வந்தாச்சா?" "விரயம் செத்துப்போச்சு, பார்த்து மிதியுங்கள்." பெயர் பொருத்தமாகவும் இருந்தது. பெயரை மாற்றக் காசு கேட்டார்கள், அதனால் மாற்றவில்லை.

அந்த வருடம் வசந்தத்தில்தான் ஊரில் போர் முடிந்தது.

மனிசி மன்னார்க் கரைக்காரி. அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனவன். ஒவ்வொரு ஞாயிறும் இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு, அங்கே ஒரு தொலைபேசிக் கடையில் அவன் வந்து காத்திருப்பான். இவள் சுரண்டுகிற கார்டு வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, இலக்கத்தை அடித்து எடுப்பாள். சுரண்டுவதற்கென்றே நடுவில் ஓட்டை போட்ட ஐந்து குரோனர் காசு ஒன்று குசினி லாச்சியில் இருந்தது. அந்தக் காசை நான் தொடக்கூடாது. ஒரு தரம் அவசரத்தில் கதவுத் திறப்பால் சுரண்டி இலக்கத்தையும் சேர்த்து உரித்துவிட்டேன். அதோடு பதவி போய்விட்டது.

தையிலிருந்து அந்தக் கடையில் ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆனியில் செய்தி வந்தது. தம்பி இல்லை.

கோயிலில் பூசை கொடுத்தோம். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். மனிசி முதியோர் இல்லத்து வேலைக்குச் சுகவீன விடுப்பு எழுதிக் கொடுத்தாள், தொலைக்காட்சியை நிறுத்தினாள், யன்னலோரக் கதிரையில் இருந்தாள். "ஓம்", "வேண்டாம்", "பிறகு" என்ற மூன்று சொல்லோடு எங்கள் வீடு நடந்தது. இந்த ஊர்த் தமிழர் எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன் நான். அந்த வீட்டுக்குள் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. டொக்டர் "கதைக்க வையுங்கள்" என்றார். எப்படி என்று அவர் எழுதித் தரவில்லை. நான் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பன்றி துரத்தினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை கதவைச் சரியாகச் சாத்தவில்லை. திரையில் நான் ஒரு குளக்கரையில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டில் மீனும் பிடிக்கலாம். தக்கை அசைகிற நேரம் பார்த்து அமத்த வேண்டும். நான் ஏழு தரம் அமத்தினேன், ஏழு தரமும் மீன் போய்விட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல். "உது இழுக்கிற நேரமில்லை."

திரும்பினேன். கையில் தேத்தண்ணியோடு நிற்கிறாள். இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதலாவது முழு வசனம் அது.

"தக்கை ஆடேக்கை இழுக்கக்கூடாது. தாழேக்கை இழுக்கோணும். விடுங்கோ... விடுங்கோ... பொறுங்கோ எண்டல்லோ சொல்லுறன்... இப்ப! இப்ப இழுங்கோ!"

இழுத்தேன். பிந்திவிட்டேன்.

"ஐயோ, எழும்புங்கோ அங்காலை!"

எழும்பினேன். அன்றைக்கு எழும்பினவன்தான். அந்தக் கதிரை திரும்ப எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் இழுப்பிலேயே மீன். இரண்டாவதும் மீன். "இது என்ன சாதி மீன்? பாரையுமில்லை, விளையுமில்லை. செதிலைப் பார், பெயின்ற் அடிச்ச மாதிரி" என்று குறை சொல்லிக்கொண்டே இருபது மீன் பிடித்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. இது எவ்வளவு நாளாக நடக்கிறது, காசு எவ்வளவு என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். நான் மூன்று பொய் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அடுத்த நாளே தனக்கென்று ஒரு ஆள் வேண்டும் என்றாள். என்னுடைய சந்தாவிலேயே இன்னொரு ஆளைச் செய்யலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாடலாம். பெயர் கேட்டது. யோசிக்கவே இல்லை. ஒரு விரலால் தட்டினாள். Akka.

"அக்காவோ? என்னப்பா, நான் எப்பிடி உம்மை அக்கா எண்டு கூப்பிடுறது?"

"உங்களை ஆர் கூப்பிடச் சொன்னது?"

தளபதி அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டு முதல் பாடம் நடத்தினான். "பத்துக் காட்டுப்பன்றியைக் கொல்லு, அப்போதுதான் அடுத்த படிக்குப் போகலாம்." அவள் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து முதியோர் இல்லத்து டெனிஷில் சொன்னாள்: "நான் ஒன்றையும் கொல்ல மாட்டேன். அவை எனக்கு ஒன்றும் செய்யவில்லை."

என் மனிசியின் தம்பியைப் பற்றி நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பெருமூச்சோடு குரல் வந்தது. "சரி. பன்றி வேண்டாம்."

போர் விளையாட்டில் ஒரு உயிரையும் கொல்லாமல் அலைகிற பெண் ஒருத்தியை அந்த உலகம் பார்த்திருக்காது. மீன் பிடித்தாள், மூலிகை பிடுங்கினாள், சமைத்தாள். ஓநாய் வந்தால் சுற்றிப் போனாள், சுற்ற முடியாவிட்டால் செத்தாள். முதல் தரம் செத்தபோது திரை சாம்பல் நிறமானது. அவள் கை மவுசிலிருந்து எடுபட்டுவிட்டது.

"இனி?"

"ஒண்டுமில்லையப்பா. ஆவியா நடந்து போகோணும். உடம்பு கிடக்கிற இடத்துக்குப் போனால் எழும்பலாம்."

"செத்தாலும் எழும்பி வரலாமோ?"

"ஓம். கொஞ்சத் தூரம் நடக்கோணும்."

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நடக்கலாம்" என்றாள். நடந்தாள்.

புரட்டாதிக்குள் அவள் குழுவுக்கு முக்கியமான ஆளாகிவிட்டாள். பெரிய சண்டைக்கு முன்னால் இருபத்தைந்து பேருக்கும் ஒரு விருந்து வைத்தால் பலம் கூடும். அந்த விருந்துக்கு மீன் வேண்டும், மீனுக்குப் பொறுமை வேண்டும், டெனிஷ் இளந்தாரிகளுக்கு அது இல்லை. இவள் விருந்தாகச் சமைத்துச் சமைத்துத் தன் பெட்டிக்குள் அடுக்கினாள். குரல் வழியே எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள்: "அகா! அகா!"

"அகா இல்லை. அக்கா."

"அகா."

"இரண்டு க். நின்று வர வேண்டும். அக்... கா."

"அக்... அகா."

டெனிஷ் வாயில் இரட்டித்த 'க்' நிற்காது, வழுக்கி விழுந்துவிடும். இந்த ஊரில் கால் வைத்த நாளிலிருந்து நாங்கள் வாய் திறந்தால் "என்ன? என்ன?" என்று திரும்பக் கேட்ட சனம். இப்போது அவர்களை வரிசையில் நிறுத்தி எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு சங்கடம். நான் விளையாடி ஒரு மாதம். மரவாளோடு என் ஆள் எங்கோ ஒரு சத்திர வாசலில் தூங்கிக்கொண்டு நிற்கிறார். காசு கட்டுவது நான், மீன் பிடிப்பது அவள். விளையாட்டுக்கான சந்தாவை அப்போது கடைகளில் கார்டாக வாங்கலாம், தொலைபேசிக் கார்டு போலவே சுரண்டுகிற கார்டு. இரண்டு மாதத்துக்கு ஒன்று. மறைத்து விளையாட வசதியென்று நான் கார்டில்தான் விளையாடினேன். அது ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிகிறது என்று எனக்குத் தெரியும். உள்ளதைச் சொல்கிறேன், முடியட்டும் என்று பேசாமல் விட்டேன். பயன்படுத்தாத சந்தா காசுக்குப் பெறுமதி இல்லை என்று, உடற்பயிற்சி நிலையத்தில் வராத ஞானம் எனக்கு அப்போது வந்திருந்தது.

அந்த ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி. மனிசி தலைவாரி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்கிறாள்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"மூண்டு மணிக்குப் பெரிய சண்டை. மூண்டு கிழமையாத் தோத்த சண்டை. இண்டைக்கு என்ரை சாப்பாட்டோடை போகினம்."

"அதுக்கேன் சீலை?"

"ஞாயிறு மூண்டு மணி எனக்கு எப்பவும் கதைக்கிற நேரம்." காப்பைச் சரிசெய்தாள். "உங்கடை தாடிக்காரன் இப்ப கிட்ட வந்திட்டான். 'அக்' வரைக்கும் வருது. இண்டைக்குச் சொல்லிப்போடுவன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாலு புத்தகம் படித்தவனுக்கு, ஆவணியிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தும் விளங்காமல் இருந்தது. இந்த உலகத்தில் அவளை அக்கா என்று கூப்பிட இருந்தது ஒரே ஒரு குரல்.

விளங்கிய அதே நிமிடம் திரையில் ஒரு பெட்டி விழுந்தது. உங்கள் காலம் முடிந்துவிட்டது.

"இதென்ன?" என்றாள்.

"ஒரு சின்ன... நீர் இரும். அசையாதையும். நான் இப்ப வாறன்."

"இருபத்தஞ்சு பேரின்ரை சாப்பாடு என்ரை பெட்டிக்குள்ளை கிடக்கு!"

ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க். அந்தக் காலத்தில் ஞாயிறு என்றால் கடை பூட்டு, நகரமே பூட்டு. சைக்கிளை எடுத்தேன். எங்கள் வீடு மேட்டில். இறக்கத்தில் பறந்தேன், மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது, கண்ணாடி வழிந்தது, பாதிவழியில் தொப்பி போனது, போகட்டும் என்று விட்டேன். வழியில் பெற்றோல் நிலையம். விறகு இருக்கிறது, பூ இருக்கிறது, கார் கழுவும் கார்டு இருக்கிறது. இது இல்லை. திரும்ப மிதி. இனி மிச்சம் புகையிரத நிலையத்துக் கடை.

உள்ளே ஒரு இளம்பெண். எனக்கு மூச்சு இல்லை. இருந்த மூச்சில் அந்தச் சொல்லைச் சொன்னேன், எழுதியிருக்கிறபடியே.

"ஸ்பில்! எனக்கு ஸ்பில்! அவசரம்!"

அவள் என் உடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். "ஓ, ஏதும் சிந்திவிட்டீர்களா? பரவாயில்லை" என்று உள்ளே போய்த் துடைப்பத்தோடும் வாளியோடும் வந்தாள்.

"இல்லை, இல்லை! ஸ்பில்! கார்டு!"

"எங்கே சிந்தியது?"

திருவாளர் விரயம் தன் பெயரால் தானே கெட்டார். வேறு வழி தெரியவில்லை. அவளுடைய துடைப்பத்தை வாங்கி வாள்போலப் பிடித்து, சஞ்சிகைத் தட்டுக்கு முன்னால் நின்று இரண்டு வெட்டு வெட்டினேன். வரிசையில் நின்ற கிழவர் தன் நாயைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஆ, ஸ்பெல்!" என்றாள் பெண். முகம் மலர்ந்தது. "என் தம்பியும் விளையாடுகிறான்." லாச்சியைத் திறந்தாள். ஒன்று இருந்தது. ஒரே ஒன்று.

திரும்பி வரும்போது மேடு. அந்த மேட்டை நான் அதற்கு முன்னும் சைக்கிளில் ஏறியதில்லை, பின்னும் ஏறியதில்லை. உடற்பயிற்சி நிலையத்துக்கு இரண்டு வருடம் கட்டின காசெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். வாசலுக்கு வரும்போது மூன்றுக்கு எட்டு நிமிடம். சப்பாத்துக் கழற்றவில்லை. கார்டை எடுத்தேன், கையில் இருந்த திறப்பால் சுரண்டத் தொடங்கினேன்.

"ஐயோ, திறப்பாலை வேண்டாம்! என்ன மனிசனப்பா நீங்கள்!"

கார்டைப் பறித்தாள். பிந்திவிட்டது. ஒரு இலக்கம் பாதி உரிந்துபோனது. லாச்சிக்கு ஓடி ஓட்டைக் குரோனரை எடுத்து வந்தாள், மிச்சத்தைப் பூப்போலச் சுரண்டினாள். கார்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள்.

"இது மூண்டோ எட்டோ?"

"மூண்டு" என்றேன்.

"அப்ப எட்டு" என்று எட்டை அடித்தாள்.

திரை திறந்தது.

"அகா! எங்கே போயிருந்தாய்? விருந்து எங்கே?" ஒலிபெருக்கியில் ஒரே ஆரவாரம். அவள் ஒன்றும் சொல்லாமல் பெரிய மண்டப வாசலுக்கு நடந்துபோய் நடுவில் விருந்தை விரித்தாள். இருபத்தைந்து வீரர்கள் நிலத்தில் குந்தியிருந்து மீன் சாப்பிட்டார்கள். பிறகு உள்ளே பாய்ந்தார்கள். அவள் வாசலிலேயே நின்றாள். கொல்ல மாட்டாள், ஆனால் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "இடப்பக்கம் நெருப்பு! விலத்தடா! அந்த நெட்டையனைப் பார், அங்கையே நிக்கிறான்! டேய், ஓடு!" பாதி டெனிஷ், பாதி மன்னார். அந்த மன்னார் விளங்கினமாதிரியே அவர்கள் ஓடினார்கள். நான் ஈரச் சப்பாத்தோடு பின்னால் நின்று என்னை அறியாமல் அவளுடைய கதிரையை உலுக்கிக்கொண்டிருந்தேன். "ஆட்டாதையுங்கோ!" என்றாள். பத்துப் பேர் விழுந்தார்கள். பதினைந்து. அரக்கனுடைய பலம் ஒரு மயிரிழை. தளபதி ஒருவன்தான் நிற்கிறான் போலிருந்தது. ஒரு வெட்டு.

அரக்கன் சரிந்தான்.

ஒலிபெருக்கி வெடித்துவிடும் போலிருந்தது. இருபத்தைந்து டெனிஷ்காரர் ஒரேநேரத்தில் கத்தி நான் கேட்டதில்லை. தேசிய அணி வென்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் கத்துவார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு, தாடிக்காரனுடைய தடித்த குரல்:

"அக்கா!"

நின்று வந்தது. இரண்டு க்.

மனிசியின் கை மவுசில் அப்படியே இருந்தது. நான் கதிரையை விட்டுவிட்டேன்.

"என்னடா?" என்றாள்.

தமிழில். ஒலிவாங்கிக்குள். பிறகு திரும்பவும், தெளிவாக, "என்னடா தம்பி, சொல்லு."

அங்கே அவன் குழம்பிப்போனான். "விரயம், நீ பக்கத்தில் நிற்கிறாயா? அவள் என்ன சொல்கிறாள்?"

நான் ஒலிவாங்கிக்குக் குனிந்தேன். ஏதாவது பகிடி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "கூப்பிட்டாய் அல்லவா, பதில் சொல்கிறாள்" என்பதுதான் வந்தது.

அவள் அன்றைக்கு அழுதாள், ஆனால் பிறகு. முதலில் அவனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கு எத்தனை மீன் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கார்த்திகையில் முதியோர் இல்லத்துக்கு அரைநாள் வேலைக்குத் திரும்பினாள். உடற்பயிற்சி நிலையத்துச் சந்தாவை நான் நிறுத்தினேன். பத்திரிகையை நிறுத்தவில்லை. மீன் வெட்ட வேண்டும்.

அந்த ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அந்தக் கார்டை நான் குப்பையில் போடப் போனேன். கையைப் பிடித்தாள்.

"நாளைக்கே ரெண்டு கார்டு வாங்கி வையுங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை ஓடித் திரியாதையுங்கோ, வயசு போகுது."

"ரெண்டோ? ஒண்டு காணாதோ?"

"ஒண்டு உங்களுக்கு. அந்த மனிசன் பாவம், ரெண்டு மாசமாச் சத்திர வாசலிலை மழைக்குள்ளை நிக்குது." ஓட்டைக் குரோனரைத் தன் பணப்பைக்குள் வைத்தாள். "ஆனால் ரெண்டையும் நான்தான் சுரண்டுவன்."